கார்டு காட்டியும் கதவு திறக்கவில்லையா? நாமே கட்டிய கதவுப் பூட்டில் நெட்வொர்க் கோளாறைத் தேடும் வழி

தாம்பரம் பக்கம் 24 வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்பில் மூன்று கதவுகள் கார்டு காட்டினால் திறக்கும்: தெருக் கேட், மாடிப்படிக் கதவு, சங்க அலுவலகம். ரிச்சி தெருவில் வாங்கிய சாமான்களை வைத்து நானே கட்டியது. கதவுக்கு ஒரு இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுப் பலகை), கார்டைப் படிக்கும் ஒரு ஆர்சி522 ரீடர், பூட்டின் மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஒரு ரிலே, ஒரு 12 வோல்ட் பூட்டு. கேட்டிலும் மாடிப்படியிலும் மேக்னடிக் லாக் (மின்சாரம் இருக்கும்வரை பிடித்திருக்கும்), அலுவலகத்தில் சொலினாய்டு பூட்டு (மின்சாரம் கொடுத்தால் நாக்கை உள்ளே இழுக்கும்). அலுவலக அலமாரிக்குள் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி (இனிமேல் 'பை') சர்வராக ஓடுகிறது. அதில் மொஸ்கிட்டோ என்ற எம்க்யூடிடி புரோக்கர், அதாவது கருவிகளின் செய்திகளை வாங்கிக் கொடுக்கும் மென்பொருள், இருக்கிறது. கதவுகள் அதோடு வைஃபை வழியாகப் பேசுகின்றன.

கட்டிய முதல் வருடம் மாதத்துக்கு இரண்டு முறையாவது யாராவது என் வீட்டு மணியை அடித்து, "தம்பி, கார்டு காட்டினா சிவப்புதான் எரியுது" என்பார்கள். அப்படி ஓடி ஓடிப் பார்த்ததில் சேர்ந்த வரிசை இது. உங்கள் கதவு என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

கையில் ஒரு மல்டிமீட்டர், யூஎஸ்பி கேபிளோடு லேப்டாப், வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு 5 வோல்ட் போன் சார்ஜர், வைஃபை சிக்னலைக் காட்டும் செயலி உள்ள போன் ஆகியவை இருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளாதபடி கதவைத் திறந்து, ஒரு கல்லை வைத்து நிறுத்திவிடுங்கள். மேக்னடிக் லாக் என்றால் உள்பக்க வெளியேறும் பட்டனை அழுத்திப் பாருங்கள். அந்தப் பட்டன் பூட்டுக்குப் போகும் மின்சாரத்தையே நேராக வெட்ட வேண்டும். போர்டைக் கேட்டு, போர்டு ரிலேயைத் தட்டித்தான் திறக்கும் என்றால், மற்ற எதையும் விட முதலில் அதை மாற்றுங்கள்.

## எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன

கதவுகளிடம் போகாதீர்கள். கோளாறு நடுவில் இருக்கிறது.

ரவுட்டர். போனை அதே வைஃபையில் இணைத்து, சர்வரின் ஐபி முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடியுங்கள். போனே வைஃபையில் இணையவில்லை என்றால் ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். இணையம் இல்லாமல் வைஃபை மட்டும் இருந்தால் அது கவலைக்குரியதல்ல. கதவும் சர்வரும் பேசிக்கொள்ள இணையம் தேவையில்லை. உங்கள் அமைப்பில் தேவைப்படுகிறது என்றால், கதவு எங்கோ தூரத்து சர்வரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

சர்வரின் முகவரி மாறியிருக்கிறது. ரவுட்டர் அணைந்து எழுந்தபோது பைக்கு வேறு எண் கொடுத்திருக்கும். கதவுகள் பழைய எண்ணையே தேடும். ரவுட்டர் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கேயே அந்தப் பைக்கு நிரந்தர முகவரியை ஒதுக்குங்கள். பையிலும் கைமுறையாக எண் போட்டு, ரவுட்டரிலும் ஒதுக்கி, இரண்டும் வேறு வேறாக இருந்தால் இன்னொரு தலைவலி. ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் வையுங்கள்.

பிங் வருகிறது, ஆனால் கதவுகள் சேரவில்லை. அப்படியானால் புரோக்கர் ஓடவில்லை, அல்லது ஓடியும் கதவுகளை ஏற்கவில்லை. சமீபத்தில் பையைப் புதுப்பித்தீர்களா? மொஸ்கிட்டோ 2.0 பதிப்பிலிருந்து, அமைப்புக் கோப்பில் எந்தப் போர்ட்டில் (இணைப்புகள் வரும் வாசல் எண்) கேட்க வேண்டும் என்று எழுதாவிட்டால் அது அதே கணினியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டும்தான் ஏற்கும். பழைய பதிப்பில் ஓடிய அமைப்பு, புதுப்பித்த மறுநாள் மௌனமாகிவிடும். 1883 என்ற போர்ட்டைக் குறிப்பிட்டு ஒரு வரி சேர்த்தால் சரியாகும். அந்த இடத்தில் பலர் செய்வது, பெயரில்லாமல் யாரும் இணையலாம் என்று திறந்துவிடுவது. இது கதவு. வைஃபை கடவுச்சொல் தெரிந்த எவரும் லேப்டாப்பிலிருந்து திறந்துவிடலாம் என்று ஆகிவிடும். ஒவ்வொரு கதவுக்கும் பயனர்பெயர், கடவுச்சொல் கொடுங்கள்.

பை எழவே இல்லை. அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் மெமரி கார்டுதான் முதலில் சாகும். எழுந்தும் எதையும் எழுத மாட்டேன் என்று படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்குப் போயிருந்தாலும் அதே சந்தேகம்தான். நான் எல்லாம் ஓடும் நிலையில் ஒரு நகல் கார்டு எடுத்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் கதவுகள் திரும்பிவிடும். பழுதை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.

## ஒரு கதவு மட்டும், திறக்கும்போதெல்லாம் வைஃபையை விட்டுவிடுகிறது

இதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதிக நாள் தப்பான இடத்தில் தேடியதும் இதில்தான். கார்டு காட்டுவார்கள், பச்சை எரியும், கதவு திறக்கும். அடுத்தவர் வந்து காட்டினால் சில நொடிகள் எதுவும் நடக்காது. சர்வர் பதிவில் அந்தக் கதவு போய்விட்டு மறுபடி சேர்ந்ததாக இருக்கும். நான் ரவுட்டரை மாற்றினேன், சேனலை மாற்றினேன், ஆன்டெனா வாங்கினேன். மின்சாரத்தில் இருந்தது கோளாறு.

இஎஸ்பி32 வைஃபையில் அனுப்பும் கணங்களில் 3.3 வோல்ட் பக்கத்தில் 240 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். அதே அடாப்டரிலிருந்து பூட்டும் ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுத்தால் போர்டுக்கு வரும் மின்னழுத்தம் ஒரு கணம் சரியும், போர்டு மறுபடி தொடங்கும். மீட்டரை வைத்தால் 5 வோல்ட் சரியாகவே காட்டும். சில மில்லி வினாடிச் சரிவை மீட்டர் பிடிக்காது. அதனால்தான் இத்தனை நாள் ஏமாந்தேன்.

சோதனை 1. லேப்டாப்பைப் போர்டில் செருகி, போர்டு அனுப்பும் வரிகளைக் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு கார்டைக் காட்டுங்கள். 'ப்ரவுன் அவுட்' (மின்னழுத்தம் சரிந்தது) என்ற சொல் வந்தால் சந்தேகமே இல்லை. லேப்டாப் செருகியதும் கோளாறு வராமல் போகிறதா? அதுவும் பதில்தான். போர்டுக்கு இப்போது லேப்டாப்பிலிருந்து நல்ல மின்சாரம் கிடைக்கிறது.

சோதனை 2. ரிலேயிலிருந்து பூட்டுக்குப் போகும் ஒயரை மட்டும் கழற்றுங்கள். பத்து முறை கார்டு காட்டுங்கள். ரிலே டக் டக்கென்று அடிக்கும், பூட்டு இயங்காது. இணைப்பு அறவில்லை என்றால் குற்றவாளி பூட்டின் பக்கம்.

சோதனை 3. ஒயரை மறுபடி போட்டு, போர்டுக்கு மட்டும் தனியாகப் போன் சார்ஜரிலிருந்து மின்சாரம் கொடுங்கள். பூட்டு பழைய 12 வோல்ட் அடாப்டரிலேயே இருக்கட்டும். ரிலேயின் தொடர்பு முனைகள் இரண்டையும் பிரித்தே வைக்கும் என்பதால் பயம் இல்லை. இப்போது சரியாக இருந்தால், அடாப்டர் போதவில்லை.

சோதனை 3-லும் அறுகிறதா? பூட்டுச் சுருளில் மின்சாரம் நிற்கும் கணத்தில் எதிர்த்து எழும் மின்னழுத்தம்தான் போர்டை உலுக்குகிறது. கவனித்துப் பாருங்கள்: சொலினாய்டு பூட்டு என்றால் கதவு மறுபடி பூட்டும் நேரத்தில் அறும், மேக்னடிக் லாக் என்றால் திறக்கும் நேரத்தில் அறும். இரண்டிலும் அதுதான் சுருளுக்கு மின்சாரம் நிற்கும் நேரம்.

சரிசெய்வது மலிவிலிருந்து தொடங்கட்டும். முதலில் பூட்டின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு. அதன் வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். மாறிப்போனால் ஷார்ட் ஆகும். போர்டின் பக்கத்தில் வைக்காமல் பூட்டின் பக்கத்திலேயே வையுங்கள். மேக்னடிக் லாக் விடுவதில் கண்ணுக்குத் தெரியும் தாமதம் வரலாம், அது பரவாயில்லை. அடுத்தது, போர்டின் 5 வோல்ட் முனையில் 1000 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒன்று. மெல்லிய சார்ஜர் கேபிளையும் தடித்ததாக மாற்றுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் போர்டுக்குத் தனி அடாப்டர். என் அனுபவத்தில் இதையே முதலில் செய்திருக்க வேண்டும். இப்போது புதிதாகக் கட்டும் எவருக்கும் நான் சொல்வது, பூட்டுக்கு ஒரு அடாப்டர், போர்டுக்கு ஒரு அடாப்டர்.

ஒயர் நீளத்தையும் பாருங்கள். எங்கள் கேட்டுக்கு அலுவலகத்திலிருந்து 20 மீட்டர். நெட்வொர்க் கேபிளில் மிச்சமிருந்த ஒரு ஜோடியிலேயே 12 வோல்ட்டை அனுப்பியிருந்தேன். 24 கேஜ் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 84 ஓம். போய் வர 40 மீட்டர், அதாவது 3.4 ஓம். அரை ஆம்பியர் இழுக்கும் பூட்டுக்கு வழியிலேயே 1.7 வோல்ட் காணாமல் போகும். தடித்த ஒயரைத் தனியாக இழுத்ததும் மேக்னட்டின் பிடியும் கூடியது.

## கரண்ட் போய் வந்தபின் கதவு திரும்பச் சேரவே இல்லை

போர்டு முந்திக்கொண்டது. இஎஸ்பி32 ஓரிரு நொடியில் எழுந்துவிடும். ரவுட்டர் எழ ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். நாம் நகலெடுக்கும் பல மாதிரி நிரல்கள் பத்து, இருபது முறை தேடிவிட்டு வைஃபை இல்லை என்று கைவிட்டுவிடும். சோதிப்பது சுலபம். ரவுட்டரையும் போர்டையும் ஒன்றாக அணைத்து, ஒன்றாகப் போட்டு, ஐந்து நிமிடம் காத்திருங்கள். சேரவில்லை, ஆனால் போர்டை மட்டும் அணைத்துப் போட்டால் சேர்கிறது என்றால் இதுதான். முயற்சியை நிறுத்தாமல், அரை நிமிடத்துக்கு ஒருமுறை பின்னணியில் தேடிக்கொண்டே இருக்கும்படி நிரலை மாற்றுங்கள். இணைப்பு கிடைக்காவிட்டால் போர்டை ரீஸ்டார்ட் செய் என்று எழுதாதீர்கள். ரவுட்டர் இல்லாத ஒரு மணி நேரமும் கதவு எழுவதும் விழுவதுமாக இருக்கும், கார்டைப் படிக்காது.

கரண்ட் வரும்போது கதவு திறந்திருந்தால் மட்டும் எழவில்லை. இது என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது. சில நாள் எழும், சில நாள் எழாது. கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கும் சென்சாரை 12-ஆம் பின்னில் கொடுத்து, 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் 3.3 வோல்ட்டுக்கு இழுத்திருந்தேன். இஎஸ்பி32 எழும் கணத்தில் அந்தப் பின்னில் மின்னழுத்தம் உயர்ந்திருந்தால் தன் ஃப்ளாஷ் நினைவகத்துக்குத் தவறான மின்னழுத்தத்தைக் கொடுத்துவிடும், நிரல் தொடங்காது. கதவு மூடியிருந்தால் பின் தாழ்ந்திருக்கும், எழும். திறந்திருந்தால் உயர்ந்திருக்கும், எழாது. கரண்ட் போனதும் மேக்னட் விட்டுவிடுமே, யாராவது கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். சென்சாரை 27-ஆம் பின்னுக்கு மாற்றினேன், அன்றோடு தீர்ந்தது. 0, 2, 5, 12, 15 ஆகிய பின்களில் பட்டனோ சென்சாரோ கொடுத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

செலவு வைக்கும் வழி. ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் சிறு யூபிஎஸ் விற்கிறார்கள். அதில் ரவுட்டரை வைத்தால் கரண்ட் போனதே அதற்குத் தெரியாது. பைக்கும் போர்டுகளுக்கும் அதே மாதிரி ஏற்பாடு செய்தால் இந்தத் தலைப்பே தேவைப்படாது.

## வைஃபை பெயரே போர்டுக்குத் தெரியவில்லை, அல்லது கடவுச்சொல் சரியாக இருந்தும் சேரவில்லை

பெரும்பாலும் ரவுட்டர் புதிதாக மாறிய நாளில் வரும்.

பழைய இஎஸ்பி8266 போர்டும் வழக்கமான இஎஸ்பி32-உம் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. ரவுட்டர் 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பிரித்து வேறு பெயர் கொடுங்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் டபிள்யூபிஏ2-வுக்குக் கொண்டுவாருங்கள். சேனல் 'தானாக' என்றிருந்தால் 1, 6, 11-ல் ஒன்றை நிலையாக வையுங்கள். இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு, ஆனால் 12, 13-ல் இருக்கும் ரவுட்டர் சில போர்டுகளின் கண்ணில் படாது. பெயரின் கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், நடப்பதுதான்.

எதற்கும் சேரவில்லை என்றால் போனில் 2.4 ஹாட்ஸ்பாட் போட்டு, அதே பெயர், அதே கடவுச்சொல் கொடுங்கள். போர்டு அதில் சேர்ந்தால் ரவுட்டர் அமைப்பில் கோளாறு. சேராவிட்டால் போர்டிலோ நிரலிலோ.

## இரண்டு கதவுகள் மாறி மாறி அறுந்துகொண்டே இருக்கின்றன

சில நொடிக்கு ஒருமுறை கேட் போகும், மாடிப்படி வரும். மாடிப்படி போகும், கேட் வரும். தனித்தனியாக ஓடவிட்டால் இரண்டும் நன்றாக இருக்கும். இந்த அடையாளத்தைப் பார்த்தால் சிக்னலைத் தேடாதீர்கள். இரண்டும் ஒரே பெயரில் ஓடுகின்றன.

எம்க்யூடிடி அடையாளப் பெயர். ஒரே நிரலை இரண்டு போர்டிலும் ஏற்றினால் இரண்டும் ஒரே பெயரைச் சொல்லிச் சேரும். அதே பெயரில் புதியவர் வந்தால் பழையவரை வெளியேற்றுவதுதான் புரோக்கரின் விதி. வெளியேறியது உடனே திரும்பி வந்து மற்றதை வெளியேற்றும். மொஸ்கிட்டோ பதிவில் ஏற்கெனவே இணைந்திருப்பதால் பழையதை மூடுவதாக வரி வரியாக வந்திருக்கும். போர்டின் மேக் முகவரியின் (ஒவ்வொரு கருவிக்கும் உரிய நெட்வொர்க் எண்) கடைசி ஆறு இலக்கத்தைப் பெயரோடு சேர்த்துவிடுங்கள், தானாகவே வேறு வேறாகிவிடும்.

மேக் முகவரி. இஎஸ்பி32-க்குத் தொழிற்சாலையிலேயே தனி மேக் உண்டு. டபிள்யூ5500 போன்ற கேபிள் போர்டுகளுக்கு இல்லை, நாம்தான் நிரலில் எழுத வேண்டும். மாதிரி நிரலில் இருக்கும் எண்ணை மாற்றாமல் இரண்டு கதவுகளுக்கும் போட்டால் இதே சண்டைதான்.

ஐபி முகவரி. ஒரு கதவின் மின்சாரத்தை முழுக்க அணையுங்கள். பிறகு அதன் ஐபிக்குப் பிங் அடியுங்கள். பதில் வந்தால், வேறொரு கருவி அந்த எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. எங்களுக்கு அது ஒரு வீட்டு டிவியாக இருந்தது.

## கார்டு காட்டி ஐந்து, பத்து நொடி கழித்துத்தான் திறக்கிறது

ஐந்து நொடி கேட்க ஒன்றுமில்லை. கையில் காய்கறிப் பையோடு, மழையில், கேட்டுக்கு வெளியே நிற்பவருக்கு அது நீளம்.

சிக்னல். போர்டு தன் சிக்னல் அளவைச் சர்வருக்கு அனுப்பும்படி நிரலில் சேர்த்துவிடுங்கள். மைனஸ் 65-க்கு மேலே இருந்தால் நன்று. மைனஸ் 75-க்குக் கீழே போனால் அறுவதும் சேர்வதுமாக இருக்கும். பெட்டி மூடியைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை எண்ணைப் பாருங்கள். நான் முதலில் போர்டை இரும்புப் பெட்டியில் வைத்திருந்தேன், திருட்டுப் பயத்தில். சோதிக்கும்போதெல்லாம் மூடியைத் திறந்து வைத்துத்தான் சோதிப்பேன், எல்லாம் ஓடும். திருகாணிகளை முடுக்கிவிட்டு வீட்டுக்குள் போனதும் மணி அடிக்கும். நான்கு திருகாணிகளையும் முடுக்கியபடியே போன் திரையில் எண் இறங்குவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். இரும்புக் கேட் தானும் மறைக்கும். கேட் மூடியிருக்கும்போதும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

நிரல் காத்துக்கொண்டிருக்கிறது. சோதனை: ரவுட்டரை அணைத்துவிட்டுக் கார்டு காட்டுங்கள். ரீடர் பல நொடி மரம்போல நின்றால், நிரல் புரோக்கரைத் தேடும் வேலையில் சிக்கியிருக்கிறது. பலரும் எடுத்தாளும் பப்சப்கிளையன்ட் நூலகத்தின் மாதிரி நிரல், இணைப்பு கிடைக்காவிட்டால் ஐந்து நொடி தூங்கிவிட்டு மறுபடி முயலும். அந்தத் தூக்கத்தில் கார்டைப் படிக்காது. அதோடு, பதில் வராத சர்வருக்காக அந்த நூலகம் இயல்பாக 15 நொடி வரை காத்திருக்கும்.

இதைச் சரிசெய்யும்போது கூடவே ஒன்றைச் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். கதவைத் திறப்பதா வேண்டாமா என்ற முடிவைக் கதவிலேயே எடுக்க வையுங்கள். அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல் போர்டின் ஃப்ளாஷிலேயே இருக்கட்டும். எங்கள் 24 வீட்டுக்கும் சேர்த்து அது இரண்டு கிலோபைட்கூட வராது. கார்டு வந்ததும் முதலில் அந்தப் பட்டியல், கதவு திறந்தபிறகு சர்வருக்குச் செய்தி. நெட்வொர்க் இல்லாவிட்டால் பதிவைச் சேர்த்து வைத்து அப்புறம் அனுப்பட்டும். சர்வரின் வேலை பட்டியலைப் புதுப்பிப்பதும் பதிவை வாங்குவதும்தான். இதைச் செய்தபிறகு நெட்வொர்க் கோளாறு எனக்கு மட்டும் தெரியும் விஷயமாகிவிட்டது. மூன்றாம் மாடி அம்மா இரவு பத்து மணிக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை. தொலைந்த கார்டை நீக்கும்போது மட்டும் எல்லாக் கதவுகளும் புதிய பட்டியலை வாங்கிவிட்டனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

போனிலிருந்து திறக்கும்போது மட்டும் தாமதம். இஎஸ்பி32 மின்சாரம் மிச்சம்பிடிக்க வைஃபையை இடையிடையே தூங்கவிடும். நிரலில் வைஃபை தூக்கத்தை அணைத்துவிடுங்கள், ஒரே வரி.

## இணைப்பு நன்றாக இருக்கிறது, சரியான கார்டுக்கும் 'அனுமதி இல்லை'

எங்கள் பால்காரர் அண்ணனின் கார்டு காலை 5 முதல் 7 வரை மட்டும் வேலை செய்யும். ஒரு நாள் விடியற்காலை கேட்டில் நின்று, "கார்டு செத்துப்போச்சு சார்" என்றார். என் கார்டு வேலை செய்தது. சர்வரைத் திறந்து பார்த்தால் அதன் கணக்கில் மணி இரவு இரண்டரை. நள்ளிரவுக்குமேல் கரண்ட் போய், ஆறு மணிக்குச் சற்றுமுன் வந்திருக்கிறது. இணையம் இன்னும் வரவில்லை. பை 4 வரையிலான பைகளுக்குள் கடிகாரம் இல்லை. கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும்.

முதலில் சர்வரிலும் போர்டிலும் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். 1970 ஜனவரி 1 என்று காட்டினால் போர்டுக்கு நேரமே கிடைக்கவில்லை. ஐந்தரை மணி நேரம் தள்ளியிருந்தால் இந்திய நேரத்துக்கான 19,800 நொடியைச் சேர்க்கவில்லை. நேரம் வாங்கும் என்டிபி, யூடிபி 123-ஆம் போர்ட்டில் போகிறது. ரவுட்டரில் அது தடுக்கப்பட்டிருக்கலாம். நிலையான தீர்வு, பையில் ஒரு டிஎஸ்3231 கடிகாரத் துண்டு, அதில் ஒரு பட்டன் பேட்டரி. கதவுகள் அந்தப் பையிடமே நேரம் கேட்கட்டும். சான்றிதழ் சரிபார்த்து இணையும் அமைப்பு என்றால், நேரம் தவறாக இருக்கும்வரை இணைப்பே கிடைக்காது. அதற்கும் இதுதான் மருந்து.

## கேபிளில் இருக்கும் கதவு மழைக்குப் பின் அறுகிறது

கேட்டை நான் பிறகு கேபிளுக்கு மாற்றினேன். ஐப்பசி, கார்த்திகையில் அதற்கென்று தனிக் கோளாறுகள் வரும்.

போர்ட்டில் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால், சோதித்த ஒரு கேபிளைத் தரையில் போட்டு நேராக இணைத்துப் பாருங்கள். அதில் எரிந்தால் பழைய கேபிளோ முனையோ பழுது. முனையைக் கழற்றினால் பொன்நிறத் தகடுகளில் பச்சை படிந்திருக்கும். வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்யுங்கள். 100 மெகாபிட் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். டெஸ்டரில் அவை நான்கும் வரிசையாக எரிந்தால் சரி. பெட்டிக்குள் நுழையும் முன் கேபிள் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். எறும்பு நுழையும் துளையையும் சிலிக்கானால் அடையுங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் மலிவாகக் கிடைக்கும், வெளியில் போடாதீர்கள்.

இடி இடித்த இரவுக்குப் பின் போர்டின் சிப் தொட முடியாதபடி சுட்டு, விளக்கும் எரியாவிட்டால் அது போய்விட்டது. மாற்றத்தான் வேண்டும். ஒரே பருவத்தில் இரண்டாவது முறை போனால் மூன்றாவது போர்டை வாங்காதீர்கள். எர்த்திங் பார்க்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஓடும் கேபிள் என்றால் அதை ஃபைபருக்கு மாற்றச் சொல்வேன்.

## வீட்டு வைஃபையில் இருந்தால் திறக்கிறது, வெளியிலிருந்து போனில் திறக்க முடியவில்லை

ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தருகிறது. ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வர முடியாது. முடிந்தாலும் கதவின் போர்ட்டை இணையத்துக்குத் திறக்காதீர்கள். பையில் வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் (பாதுகாப்பான தனிவழி) மென்பொருளைப் போட்டு அதன் வழியாக வாருங்கள். வயர்கார்டுக்கு ஒரு பொது முகவரி வேண்டும். அது இல்லாத வீட்டில் டெயில்ஸ்கேல்தான் சுலபம்.

வீட்டுக்குள்ளேயே விருந்தினர் வைஃபையில் இருக்கும் போன் கதவைப் பார்க்காது. அது கோளாறல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும்.

## பச்சை எரிகிறது, பதிவும் வருகிறது, கதவு மட்டும் திறக்கவில்லை

இதில் நெட்வொர்க்குக்கு வேலை இல்லை. ரிலே அடிக்கும் சத்தம் கேட்கிறதா? கேட்டால், அடிக்கும் நேரத்தில் பூட்டின் முனைகளில் மீட்டரை வையுங்கள். சொலினாய்டு பூட்டில் 12 வோல்ட் வந்தும் நாக்கு உள்ளே போகவில்லை என்றால், கதவு அழுத்திக்கொண்டு நாக்கைச் சிறைபிடித்திருக்கிறது. கதவை லேசாக உள்ளே தள்ளிக்கொண்டு கார்டு காட்டிப் பாருங்கள். கீல் இறங்கியிருந்தால் தச்சரைத்தான் கூப்பிட வேண்டும்.

## எப்போது கையை எடுத்துவிட வேண்டும்

அடாப்டருக்கு முன்னால் உள்ள 230 வோல்ட் பக்கம் எதுவாக இருந்தாலும் எலக்ட்ரீஷியன். இரும்புக் கேட்டைத் தொட்டால் சுருக்கென்று அடித்தால் மெயினை அணைத்துவிட்டு உடனே அவர். அடாப்டர் சூடேறி நாற்றம் வந்தாலும் அப்படியே. கட்டடத்தில் தீ எச்சரிக்கை அமைப்பு இருந்தால், அது ஒலிக்கும்போது மேக்னட் தானாக விடும்படி இணைக்கும் வேலையை அந்த அமைப்பை நிறுவியவரிடம் விடுங்கள். ஒரே கதவில் மின்சாரம், சிக்னல், பெயர் மூன்றையும் பார்த்தும் வாரத்துக்கு இருமுறை அறுகிறது என்றால், அந்தக் கதவுக்கு மட்டும் கேபிள் இழுக்க நெட்வொர்க் வேலை செய்பவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை, மேக்னடிக் லாக்கின் மின்சாரத்தை வெட்டிவிட்டுப் பழைய தாழ்ப்பாளையும் சாவியையும் பயன்படுத்துங்கள். சாவிப் பூட்டைக் கழற்றாமல் வைத்திருப்பது அதற்காகத்தான். எங்கள் கேட்டின் சாவி இரண்டு: ஒன்று வாட்ச்மேன் அண்ணனிடம், மற்றொன்று தரைத்தள வீட்டில்.